கையுறையைக் கழற்றிய கசுமி

"என்ரை கைக்கு வேலை இருக்கு, அக்கா. முகத்துக்குத்தான் இல்லை."

சுவிஸின் எம்மன்புரூக்கேயில், குடியிருப்பின் மூன்றாம் மாடிக்குப் படியேறும்போது கசுமி தினமும் இதைச் சொல்வாள். இரண்டாம் மாடிச் சந்திரமதி கதவைத் திறந்து நின்று கேட்பாள். இருவருக்கும் பொதுவானது அரைகுறை ஜெர்மன். 'அக்கா' மட்டும் சந்திரமதி பழக்கிய தமிழ்.

கசுமி ஜப்பானின் கோபே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகள். பதினெட்டு வயதில் கிமோனோக் கடையின் நாட்காட்டிப் படத்துக்கு நின்றாள். பிறகு தோக்கியோவில் இரண்டு படங்கள்; இரண்டிலும் கதாநாயகன் வரமுன்னரே செத்துப்போகிற வேஷம். எழுபத்தொன்பதில் கைக்கடிகார விளம்பரத்துக்காக சுவிஸுக்கு வந்தாள். முகத்தை எடுத்த படங்கள் எல்லாம் குப்பைக்குப் போயின. கை மட்டும் பத்திரிகைகளில் வந்தது.

அன்றிலிருந்து ஒன்பது வருடமும் கைதான். சின்னக் கீறல் விழுந்தாலும் ஒப்பந்தம் முடிந்தது. அதனால் கோடையிலும் கையுறை. கோப்பை கழுவுவதில்லை, கத்தி தொடுவதில்லை.

"ஒரு முட்டை பொரிக்கேலாத கை. உது கையோ, கண்ணாடிச் சாமானோ?" என்று சந்திரமதி முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறாள்.

இந்த மாரியில் ஊர் ஜெர்மன் நாடகக்குழு நடிக்க ஆட்கள் தேடியது. கசுமி போனாள். துணைக்குச் சந்திரமதியும் போனாள்.

"தேத்தண்ணித் தட்டோடை வந்து குனிஞ்சிட்டுப் போங்கோ. கதைக்க ஒண்டும் இல்லை," என்றார் நாடகக்காரர்.

"குனிய மாட்டன். ஹோட்டல் சமையல்காரியாய் நடிக்கிறன்."

"அவள் மேடையிலை உருளைக்கிழங்கு சீவிச்சீவி முதலாளியை ஏச வேணும். நீங்கள் கையுறை போட்ட ஆள்."

கசுமி கையுறைகளைக் கழற்றி அவருடைய மேசையில் வைத்தாள். திருப்பி எடுக்கவில்லை.

அடுத்த நாளே சந்திரமதியின் குசினியில் பாடம் தொடங்கியது. மூன்றாவது கிழங்கில் பெருவிரலில் வெட்டு.

"ஐயோ! நாளைக்குப் படம் எடுக்க வாறாங்கள் எல்லோ? உமக்கென்ன விசரோ?"

"வரட்டும். அடுத்த கிழங்கைத் தாங்கோ."

மறுநாள் விளம்பரக்காரன் வெட்டைப் பார்த்துக் கத்தினான். "வேறை கை தேடுங்கோ," என்று சொல்லிவிட்டு, கசுமி ஒத்திகைக்கு நடந்தாள்.

போன சனிக்கிழமை முதல் ஆட்டம். சமையல்காரி இடுப்பில் கை வைத்து, கத்தியை நீட்டி, முதலாளியை வாங்கு வாங்கென்று வாங்கினாள். சந்திரமதி பக்கத்துக் கதிரைக்காரியின் தோளில் தட்டினாள். "உது நான் என்ரை மனுசனை ஏசுற மாதிரி! கிழங்கோடை என்னையும் சேர்த்தெல்லோ படிச்சிருக்கிறாள்!"

வருகிற மூன்று சனிக்கிழமையும் பின்னேரம் ஐந்து மணிக்கு, எம்மன்புரூக்கே பாடசாலை மண்டபத்தில் நாடகம் இருக்கிறது. ஜெர்மன் விளங்காது என்று சாட்டுச் சொல்லாதீர்கள். ஏச்சு எல்லாருக்கும் விளங்கும். போய்ப் பாருங்கள். முன்வரிசையில் இருந்து அவளுடைய முகத்தைப் பாருங்கள்.