எரிச்சலுக்கு மார்க் போட்ட கைகள்

பிரேமலதாக்கா எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். மும்பை தாராவியில் நாங்கள் ஆறு பேர் வேலை செய்யும் சோப்புப் பட்டறையில், பதினோரு வருடமாக எண்ணெயில் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றுவது அவள்தான்.

போன வருடம் செம்பூர் கடை ஒன்று எங்கள் துணி சோப்பைத் திருப்பி அனுப்பியது. வாங்கிய பெண்களுக்குக் கை எரிகிறதாம். இன்னும் ஒரே ஒரு சாம்பிள் பார்ப்போம், அதுவும் எரிந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். எங்கள் சரக்கில் பாதி அந்தக் கடைக்குத்தான். அது போனால் மூன்று பேருக்காவது வேலை போகும்.

அக்கா காலையில் மாட்டுங்காவில் அகிலாண்டம் மாமி வீட்டில் பாத்திரம் தேய்ப்பாள். மாமியின் மகள் ஸ்ரீலேகா கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள். அக்கா சொன்னதைக் கேட்டு அவள் ஒரு வழி சொன்னாள். காஸ்டிக்கின் அளவையும் காய வைக்கும் நாளையும் மாற்றி மாற்றி ஒன்பது விதமாகச் சோப்பு ஊற்ற வேண்டும். நுரை, சீக்கிரம் கரையாமை, கை எரியாமை மூன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை மார்க் போட வேண்டும்.

"மார்க்கைக் கூட்டப்படாது அக்கா, பெருக்கணும். கூட்டினா நல்ல நுரை எரிச்சலை மறைச்சுடும். பெருக்கினா, ஒண்ணு பூஜ்யமானா எல்லாமே பூஜ்யம்" என்றாள்.

நாங்கள் ஆறு பேரும் துவைத்துப் பார்த்து மார்க் போட்டோம். காஸ்டிக் கூடக்கூட ஒவ்வொரு மார்க்கும் எப்படி மாறும் என்று ஸ்ரீலேகா கம்ப்யூட்டரில் தனித்தனிக் கோடாகவும், மூன்றையும் பெருக்கிய மொத்த மார்க்கை அடியில் ஒரு கோடாகவும் வரைந்து கொடுத்தாள். மொத்தக் கோடு காஸ்டிக் அதிகமான பக்கம் உச்சியில் நின்றது.

"பாத்தியளா, கம்ப்யூட்டரே சொல்லிட்டு. அதையே ஊத்துங்க" என்றார் முதலாளி காசிம் பாய்.

அக்கா தாளைக் கீழே வைக்கவில்லை. மற்ற இரண்டு கோடுகளும் ஏறியிருந்தன. கை எரியாமைக்கான கோடு மட்டும் மேலே, கட்டிய கொடிக்கயிறு போல நேராக இருந்தது.

"காஸ்டிக்க கூட்டினா எரியத்தான செய்யும், பாய்? இது ஏன் அசையவே மாட்டேங்கு?"

"உங்க கைதான எரியலன்னு மார்க் போட்டுச்சு!"

அக்கா என் உள்ளங்கையைத் திருப்பி நகத்தால் அழுத்தினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஏட்டி, இது கையா? செருப்புத் தோலு. நம்ம மார்க்க வச்சுக்கிட்டு என்னத்தச் செய்ய?"

"ஏக்கா, பாய் முன்னால மானத்த வாங்காத" என்று எங்களோடு வேலை செய்யும் பானுமதி சிரித்தாள்.

அன்று சாயங்காலமே அக்கா ஒன்பது துண்டுகளையும் எடுத்துக்கொண்டு என்னோடு மாட்டுங்கா போனாள். மாமியும் அதே கட்டடத்தில் வாஷிங் மெஷினில் துவைக்கும் நான்கு பேரும் சம்மதித்தார்கள்.

"ஏண்டி, எங்க கையைப் புண்ணாக்கவா வந்தே?" என்றார் மாமி.

"எரிஞ்ச உடனே கழுவிருங்க, மாமி. எனக்காகப் பாத்து எரியலன்னு மட்டும் சொல்லிராதிய."

எது எந்தச் சோப்பு என்று சொல்லவில்லை. ஒரு எரிச்சல் அடுத்ததோடு கலந்துவிடக் கூடாது என்று ஒரு நாளைக்கு ஒரு துண்டுதான் கொடுத்தாள். ஒன்பது நாளும் போனோம். அவள் கேட்டாள், நான் எழுதினேன்.

ஸ்ரீலேகா மறுபடி வரைந்தபோது கை எரியாமைக்கான கோடு சரிந்து, காஸ்டிக் அதிகமான பக்கம் தரையைத் தொட்டது. மொத்தக் கோடும் அங்கே பூஜ்யம். உச்சி நடுவுக்கு, ஐந்தாவது துண்டுக்கு வந்திருந்தது.

"நுரை குறையுதே பிரேமா. கடைக்காரன் நுரையத்தான பாப்பான்" என்று இழுத்தார் பாய்.

"கடைக்காரனா தொவைக்கான்? நுரை கொஞ்சம் கொறஞ்சா மிச்சம் இருக்கும், பாய். கை பூஜ்யமானா ஒண்ணுமே கெடையாது. அஞ்சாவதத்தான் கொண்டு போறேன்."

அவளே பஸ் ஏறிப் போய்க் கொடுத்தாள். பன்னிரண்டாம் நாள் ஆர்டர் வந்தது, முன்பைவிடச் சற்றுக் குறைவாக. ஆறு பேரும் வேலையில் இருக்கிறோம். இப்போது புதுக் கலவை ஊற்றினால் நுரைக்கும் கரைவதற்கும் எங்களைத்தான் மார்க் போடச் சொல்கிறாள். மார்க் தாளில் எரிச்சல் கட்டத்தை மட்டும், எங்கள் பெயருக்கு நேரே, முதலிலேயே கோடு போட்டு அடித்துவிடுகிறாள்.