ஹாலுக்கு எதற்கு கேமிங் கம்ப்யூட்டர்?

"தம்பி, கம்ப்யூட்டர் ஒரே பிசிங் லா! லோரி மலை ஏறுற மாதிரி சத்தம் போடுது. வந்து பாருங்க."

கிள்ளானிலிருந்து காந்தி ஆன்டி போன் செய்தார். நாங்கள் விற்ற மிஷின் அல்ல. ஆனாலும் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் கம்ப்யூட்டர் கடையை விட்டுப் புறப்பட்டேன். என் தலைமுடியில் பாதி அந்தக் கடையில்தான் உதிர்ந்தது. மீதி, வாடிக்கையாளர்களின் சொந்தக்காரர்கள் உபயம். நம்மவர்கள் ஒரு டிவி வாங்கினாலும் குடும்பத்தில் 'ஐடி தெரிந்த' ஒருவரைக் கேட்காமல் வாங்க மாட்டார்கள். ஆன்டி வீட்டில் அந்தப் பதவி அவருடைய தம்பி சேகருக்கு.

ஆன்டியின் கணவர் மணியம் அங்கிள் லோரி ஓட்டியவர். இன்ஜின் சத்தத்தில் ஒரு காது மந்தம். பக்கவாதம் வந்த பிறகு ஹாலைத் தாண்டுவதில்லை. பழைய படங்கள்தான் அவருக்கு வெளியூர்ப் பயணம். அதற்காகச் சேகர் வாங்கித் தந்த 'ஹோம் தியேட்டர்' என்ன தெரியுமா? கண்ணாடிப் பெட்டி, ஆறு ஃபேன், வானவில் விளக்கு, செங்கல் கனத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டு!

படம் ஓடியது. ஃபேன்கள் அதைவிட வேகமாக ஓடின. கதாநாயகியின் வாய் அசைவதை அங்கிள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிவிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் நுழைந்தேன். தொப்பை முன்னே, நான் பின்னே. பெட்டியைத் திறந்ததும் கோயில் வாசனை. பக்கத்திலேயே சாமி மேடை. வெள்ளிக்கிழமைதோறும் போட்ட சாம்பிராணிப் புகையை ஃபேன்கள் உறிஞ்சி, இறக்கையெல்லாம் பிசுக்கு. காற்று போக வழியில்லாமல் சூடு ஏறுகிறது; சூடு ஏற ஏற ஃபேன் கத்துகிறது.

"ஃபேன் பத்தல லா, இன்னும் ரெண்டு போடு," என்றார் பின்னால் நின்ற சேகர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாஸ், அங்கிள் படம் பாக்கறாரா, ரேஸ் ஓட்டறாரா?"

"கார்டு இல்லாம 4K எப்படி ஓடும்?"

"ஜோரா ஓடும். படம் பாக்க பிராசசருக்குள்ள இருக்கிற கிராபிக்ஸே போதும்."

"அப்படின்னா ஸ்பீக்கர பெருசா வாங்கிடலாம்."

"டேய் சேகர்! பக்கத்து வீட்டுக்காரன் இப்பவே சுவத்துல தட்றான்டா!" என்றார் ஆன்டி.

எனக்கு ஆத்திரம் சேகர் மேல் மட்டுமல்ல. விற்றவனுக்கு எங்கே போயிற்று புத்தி? விளக்கு எத்தனை நிறத்தில் வேண்டும் என்று கேட்டவன், உட்கார்ந்து பார்க்கப் போகிற மனுஷன் யார் என்று கேட்கவில்லையே! அங்கிளும் அங்கேதான் இருந்தார். அவர் தலைக்கு மேல் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம், என்னையும் சேர்த்து.

அடுத்த வாரம் ஃபேனே இல்லாத சின்னப் பெட்டி ஒன்றைக் கட்டிக் கொண்டுபோனேன். உலோகக் கூடே வரிவரியாக இருந்து சூட்டை வெளியே தள்ளும். உள்ளே சுழலும் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி, கரகரப்புக்கு வேலையில்லை. மூடிய அலமாரியில் வைக்காமல், சாமி மேடைக்கு எதிர்ப்பக்கம் திறந்த தட்டில் வைத்தேன்.

சேகர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "லைட்டே இல்லையே லா."

அங்கிள் சொன்னார்: "தம்பி, சீக்கிரம் ஓன் பண்ணுப்பா."

"பண்ணியாச்சு அங்கிள்."

அவர் நம்பவில்லை. ரிமோட்டை அழுத்தினார். அதே பழைய படம். கதாநாயகி கையால் முகத்தை மூடிக்கொள்ளும் காட்சி. ஆன்டி ஏதோ சொல்ல வர, அங்கிள் கையை உயர்த்தினார்.

"சும்மா இரு காந்தி. இந்தப் புள்ள அழுவுறா." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நான் இத்தன நாளா சிரிக்கிறான்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தேன்!"

ஆன்டியும் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்க ஆரம்பித்தார். சேகர்கூட.

கடைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஹாலுக்குக் கம்ப்யூட்டர் என்றால் பிராசசர், ரேம் எல்லாம் அப்புறம். பார்க்கப் போகிறவர் யார், எங்கே உட்காருவார், காது எப்படி என்று முதலில் கேளுங்கள். "இது கம்ப்யூட்டர் கடையா, கிளினிக்கா?" என்று முறைப்பார்கள். முறைக்கட்டும்.