கிணற்றுச் சுவரில் மஞ்சள் கோடு

யுத்த காலத்தில், திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை போட்ட என் கொல்லைக்கு, தண்ணீர் இறைக்கும் எண்ணெய் என்ஜின் ஓட்ட ஒருவர் வந்தார். நெடுநெடுவென்று இருப்பார், கண் இமைத்து நான் பார்த்ததில்லை. கிணற்றில் தண்ணீர் ஒரு மட்டத்துக்கு இறங்கியதும் என்ஜினை நிறுத்துவார். படியில் இறங்கி, சுவரில் மூன்று விரலால் மஞ்சள் கோடு இழுப்பார். ஊறி வரும் தண்ணீர் அதை அழித்துவிடும். மறுநாளும் இழுப்பார்.

“பாதிக் கொல்லை காயுதே” என்பேன்.

“கோட்டுக்குக் கீழ நம்மது இல்லீங்க.”

ஒருநாள் அவர் சாப்பிடப் போயிருந்தபோது, நானே என்ஜினைக் கிளப்பினேன். கோட்டுக்குக் கீழே இரண்டு முழம் தண்ணீர் இறங்கியது. அங்கே இன்னொரு மஞ்சள் கோடு தெரிந்தது. அதுவரை தண்ணீருக்குள் கிடந்தது, தொட்டால் விரலில் ஒட்டியது.

அவர் ஓடிவந்து என்ஜினை நிறுத்தினார்.

“இதுவும் நீங்க போட்டதா?”

“இல்லீங்க. கீழ இருக்கிறவங்க போட்டுக்கினது. அதுக்கு மேல அவங்க வர்றதில்ல.” கிணற்றையே பார்த்தார். “நாமதான் தாண்டிட்டோம்.”

அன்று சாயங்காலம் சொல்லாமல் போய்விட்டார். எங்கே போனாரோ, தெரியாது. அந்த மேல்கோட்டுக்குக் கீழே நான் இறைப்பதில்லை. அதை ஒருநாளும் நான் இழுத்ததும் இல்லை. ஆனால் தண்ணீர் அந்த மட்டத்துக்கு இறங்கும்போதெல்லாம், அது புது மஞ்சளாக இருக்கிறது.