வரியிலைச் செடிக்கு மாமனார் பார்த்த வைத்தியம்

குன்னூரில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மோட்டார் மாட்டிக்கொடுக்கப் போனபோதுதான் அந்தச் செடியை முதலில் பார்த்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவது என் வேலை. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதிகம் பேசவும் வராது. செடிகளிடம் பேச வேண்டியதில்லை என்பதால் வீட்டுக்கு முன்னால் இருந்த துண்டு நிலத்தில் எதையாவது நட்டுக்கொண்டே இருப்பேன்.

தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்றுப்பண்ணை. அதன் சொந்தக்காரர் அதைப் பட்டாம்பூச்சிச் செடி என்றார். நீளமான இலை, நடுவில் பச்சை, ஓரம் முழுக்க வெண்ணெய் நிறம், சேலைக்குக் கரை வைத்தது மாதிரி. ஒரு மணி நேரம் பொறுக்கினேன். அவர் பொறுமை இழந்து, "மேல பாக்காதீங்க, அடியில பாருங்க," என்றார். "எல்லாக் கொப்புலயும் கரை இருக்கற செடியா எடுங்க. அப்பறம் எப்பவாச்சும் முழுப் பச்சையா ஒரு கொப்பு கெளம்பும். பாத்த ஒடனே அடியோட வெட்டிருங்க. உட்டீங்கன்னா பச்சைதான் ஜெயிக்கும். கரை போனாப் போனதுதான்."

மலை இறங்கும் பஸ்ஸில் எல்லாக் கொண்டை ஊசி வளைவிலும் அதை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் வாந்தி எடுத்தபோது செடியைத்தான் முதலில் தூக்கினேன்.

கீழே வந்ததும் வெயிலில் சுணங்கியது. மதில் நிழல் விழும் இடத்துக்கு மாற்றியதும் தேறிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மாமனார் வந்தார்.

அவர் கோபிக்காரர், நெல், வாழை, வெண்டை என்று காட்டிலேயே வாழ்ந்தவர். கண்ணில் புரை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். டாக்டர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு இருந்தவரைக்கும் அவருக்கு எல்லாச் செடியும் ஒரே செடி. கண்ணாடியைக் கழற்றிய அன்று காலையிலேயே நேராக என் செடி முன்னால் போய்க் குந்தினார்.

"ஏனுங்க மாப்ளை, இதுக்குச் சத்துப் பத்தலீங்களாட்ட இருக்குதுங்க. ஓரமெல்லாம் வெளுத்துப்போச்சு பாருங்க."

இல்லை, அதுதான் அதன் அழகு என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவருக்கு எதிராக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரும் என்னைச் சொன்னதில்லை. "ஆமாங்க மாமா," என்றேன்.

அது போதும். மறுநாள் கடலைப் புண்ணாக்கு ஊறியது. அதற்கு மறுநாள் யூரியா வந்தது. செடி கொழுத்தது; கொழுத்ததெல்லாம் பச்சை. நான் பட்டறைக்குப் போனதும், நோய் பரவக்கூடாதென்று வெளுத்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப்போட்டார். சாயங்காலம் அவர் காப்பி குடிக்கும் நேரம் பார்த்து நான் பச்சைக் கொப்புகளை வெட்டி வேலிக்கு அப்பால் எறிந்தேன். என் வாழ்நாளில் செய்த ஒரே திருட்டு வேலை. ரொம்பச் சந்தோஷமாகச் செய்தேன். ஒருநாள் ஈரச் சேலையைச் செடி மேல் காயப்போட்டு மறைத்துவிட்டுப் போனேன். அவர் அது காயும்வரை காத்திருந்து, பதவிசாக மடித்து உள்ளே கொடுத்துவிட்டு இலை கிள்ளியிருக்கிறார்.

செடி மெலிந்துகொண்டே போனது.

"ஏனுங்க மாமா, ஆடு கீடு வந்துதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் வெட்டுப்பட்ட கொப்பைத் தடவிப் பார்த்தார். "வந்துருக்குமாட்ட இருக்குதுங்க மாப்ளை. கத்திரிக்கோல் புடிக்கற ஆடுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்தோம். அவர் தூங்குகிறார் என்று நான் நினைத்தேன்; நான் தூங்குகிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். மிச்சம் நின்றது நாலு குச்சி, அடியில் ஒரே ஒரு துளிர். துளிரில் நாலு இலை, நாலிலும் கரை. அவர் கை அதை நோக்கிப் போனது. அதுவும் போனால் குன்னூர்ச் செடி அத்தோடு முடிந்தது.

"வேண்டாமுங்க மாமா!" குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அது நோவில்லீங்க. அதோட நெறமே அதுதானுங்க. நாந்தான் பாத்துப் பொறுக்கி வாங்கியாந்தனுங்க."

வாசற்படியில் என் மனைவி நின்றிருந்தாள். "ரெண்டு பேருமாச் சேந்து மொட்டையடிச்சுப்போட்டு, இப்பத்தான் பேசறீங்களாக்கும்?"

மாமனார் கையை இழுத்துக்கொண்டு என்னையும் துளிரையும் மாறி மாறிப் பார்த்தார். "மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க," என்றார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "ஆமா, நோவாட்டம் இருக்கறதையே தேடிப் போயி வாங்குவாங்களாக்கும்?"

அந்த ஒரு துளிர்தான் பிறகு செடியானது. இடுப்புயரம் வளர்ந்து, செவ்வூதா நிறத்தில் கதிர் கதிராகப் பூத்தது. பட்டாம்பூச்சி கொஞ்சம் வந்தது; எறும்பு நிறைய வந்தது. பச்சைக் கொப்பு தலைகாட்டினால் எல்லோரும் பார்க்கவே வெட்டினேன்.

தை மாதம் மாமனார் மறுபடி வந்தார். கையில் ஈரச் சாக்கில் சுற்றி, வேரும் மண்ணுமாக ஒரு வெண்டைச் செடி. இலை நரம்பெல்லாம் மஞ்சள் ஓடியிருந்தது. அந்த மஞ்சள் நோய் கண்ட வெண்டையை ஆயுளில் எத்தனையோ தடவை பிடுங்கி எரித்தவர் அவர்.

"காட்டுல ஒன்னு உங்க ரகமா வந்துருக்குதுங்க மாப்ளை. புடுங்கிப்போட மனசு வரலீங்க. நீங்கதான் இதையெல்லாம் நல்லாப் பாப்பீங்க."

முகத்தைப் பார்த்தேன். திருநீறு கொடுக்கும் பூசாரியின் முகம் மாதிரி இருந்தது. சமையலறையில் என் மனைவி இருமுவது கேட்டது. அந்த இருமல் நிற்காமல் சிரிப்பாக மாறியது. நான் சாக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு காலித் தொட்டி தேடப் போனேன்.