தந்தியில் வந்த ஒரு சொல்

1937 வாக்கில் வெண்ணந்தூரில் பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் சென்னியம்மாள் கையில்தான் முதலில் அழுதன. சேலத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் ஆயாவாக இருந்து, அங்கிருந்த துரைசானி டாக்டரிடம் மருத்துவச்சி வேலை பழகி ஊர் திரும்பியவள் அவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் டாக்டரம்மா வாயிலிருந்து வந்த இங்கிலீஷ் சொற்கள் பல அவள் காதில் தங்கிவிட்டிருந்தன. அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தறிக்காரர் கந்தவேல் வீட்டில் அழுகுரல் கேட்டு ஓடினாள். பம்பாய் மில்லில் வேலை பார்க்கும் மருமகன் தந்தி கொடுத்திருந்தான். நெசவாளர் சங்கத்துக் குமாஸ்தா அப்புசாமி அதைப் படித்துச் சொல்லியிருந்தார்: “ஜானகி எதிர்பார்த்துக்கிட்டு இருக்கறா. அம்மாவை அனுப்பவும்.”

“உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு என்னைய எதிர்பார்த்துக் கெடக்கறாளே எம்மவ!” என்று கந்தவேல் மனைவி முத்தாயம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

சென்னியம்மாளுக்கு ஏதோ உறுத்தியது. “குமாஸ்தாய்யா, எதிர்பார்க்கறதுன்னீங்களே, அது இங்கிலீசுல என்ன வார்த்தைங்க?”

“உனக்கெதுக்கு அது?”

“சொல்லுங்களேன்.”

“எக்ஸ்பெக்டிங்.”

அவள் சிரித்துவிட்டாள். கூட்டமே முறைத்தது.

“அழுவாதீங்கக்கா. உங்க மவ முழுகாம இருக்கறாளுங்க!”

அப்புசாமிக்கு முகம் சிவந்தது. “பன்னெண்டு வருசமா இங்கிலீசு எழுதறவன் நானு. எக்ஸ்பெக்டுன்னா எதிர்பார்க்கறது. அகராதியில அப்படித்தான் இருக்குது.”

“அதுவும் சரிதானுங்க. ‘காலையில ஆறு மணிக்கு உன்னை எக்ஸ்பெக்ட் பண்றேன்’னு டாக்டரம்மா சொல்லுவாங்க. வந்தா வா, வராட்டிப் போன்னு அர்த்தமில்லீங்க. நான் வந்தே தீருவேன்னு நம்பிச் சொல்றது. மழை வருமான்னு வானத்தைப் பாக்கறது வேற, விருந்தாளி வாராங்கன்னு தெரிஞ்சு ஒலை வெக்கறது வேற இல்லீங்களா? வவுத்துப் புள்ளையும் அப்படித்தான். யாரை, எதைன்னு சொல்லாம ஒரு பொம்பளையை வெறுமனே எக்ஸ்பெக்டிங்னு சொன்னா, அவ புள்ளைத்தாச்சின்னு அர்த்தமுங்க.”

கந்தவேல் அவளையும் குமாஸ்தாவையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தையில்லாமல் மகள் பட்ட பேச்செல்லாம் அவருக்குத் தெரியும். அந்த முகத்தைப் பார்த்ததும் சென்னியம்மாளுக்கே ஒரு சந்தேகம் எழுந்தது. தப்பாக இருந்தால் இந்தக் குடும்பத்தை இரண்டு தடவை கொன்றவள் ஆகிவிடுவாளே. ஆனாலும் அவள் பின்வாங்கவில்லை.

“பதில் தந்தி குடுங்க. எத்தனை மாசம்னு மட்டும் கேளுங்க.”

அப்புசாமியே ராசிபுரம் போய்த் தந்தி கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு நாள் அந்த வீட்டில் தறிச் சத்தமே இல்லை. திங்கட்கிழமை மத்தியானம் பதில் வந்தது. அப்புசாமி தெருவில் நின்றபடியே பிரித்தார். மனதுக்குள் ஒருமுறை படித்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்: “அஞ்சு மாசம். ரெண்டு பேரும் சொகம்.”

முத்தாயம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். இந்த அழுகையை யாரும் தடுக்கவில்லை. அப்புசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நீங்க சொன்னதுதானுங்க சரி, சென்னியம்மா. எனக்கு இந்த அர்த்தம் தெரியாமப் போச்சு” என்றார். ஊர் முன்னால் அந்த மனிதர் அப்படிச் சொன்னது சின்ன விஷயமல்ல என்று அவளுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஏழாம் மாதம் தாய் போய் ஜானகியை அழைத்துவந்தாள். பிரசவம் எளிதாக இல்லை. தலைக்குப் பதிலாகக் குழந்தையின் கால் முதலில் வந்தது. சென்னியம்மாள் பதறாமல், ஆஸ்பத்திரியில் பழகிய பக்குவத்தில் பெண் குழந்தையை வெளியே எடுத்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

கந்தவேல் தன் கையாலேயே ஓர் அரக்குச் சேலை நெய்து கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு, சந்தை நாளன்று உச்சி வெயிலில், கடைத்தெரு நடுவே, ஊரே பார்க்க, நிதானமாக நடந்து போனாள் சென்னியம்மாள்.