மூன்று ஊர்ப் பாண்டும் பொன்னியின் மூங்கில் குச்சியும்

காலை ஆறு மணிக்குக் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினோம். தியாகதுருகத்து ஆட்கள் ஐந்து பேர், கலவை சுமக்கும் இரும்புப் பாண்டுகள் ஆறு. கண்டக்டர் முறைத்தார். "இன்னாய்யா, சட்டிக்கெல்லாம் டிக்கெட் போடட்டா?"

"போடுங்க. ஆனா அதுங்களுக்கும் சீட்டு குடுக்கணும்," என்றேன்.

நான் கொத்து மேஸ்திரி. பள்ளிக்கூடத்துக்குள் போனதே அதன் சுவரைப் பூசத்தான்.

கச்சிராயபாளையத்தில் கோவிந்தன் மேஸ்திரி தன் ஆட்களோடு ஏறினார். கரும்புக் காடு முடிந்து, கோமுகி அணை தாண்டி, மலைப்பாதை வளையத் தொடங்கியது. மூன்றாவது வளைவிலேயே, தின்ற இட்லி ஊர் திரும்பலாம் என்றது. வெள்ளிமலையில் இறங்கி ஒரு மணி நேரம் நடை. பாண்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். மூளை இல்லாத தலைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

பத்து மணிக்கு, நாங்கள் கூரைத் தளம் போட வேண்டிய பொன்னியின் வீடு. கைக்குழந்தைக்காரி. எங்களை முன்னறைக்குக் கூட்டிப்போய் அண்ணாந்து பார்க்கச் சொன்னாள். போன வருஷம் போட்ட தளத்தின் குறுக்கே ஈரக்கோடு. மலை ஆட்கள் போட்ட பாதியும், கீழிருந்து வந்தவர்கள் போட்ட பாதியும் சேர்ந்த இடம். மழை வந்தால் அங்கேதான் சொட்டும். பிள்ளைக்குச் சளி விட்டபாடில்லை.

"இன்னிக்குப் போடற பின்னறையும் ஒழுகினா, இவளத் தூக்கிக்கினு எங்கம்மா வூட்டுக்கே போயிடுவேன்," என்றாள். பக்கத்தில் அவள் புருஷன் சடையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கலவை மெஷின் அந்தப் பாதையில் ஏறாது. ஒரே நாளில் தளத்தை மூட ஓர் ஊர் ஆள் போதாது. அதனால் மலை ஆட்களும் நாங்களும் கச்சிராயபாளையத்தாரும் மூன்று குவியலாகக் கலந்தோம். கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்: ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு மணல், நாலு ஜல்லி. கலவை மட்டும் மூன்று நிறத்தில் வந்தது.

கோவிந்தன் என் பாண்டைப் பார்த்தார். "யோவ், இது மணலா, கோயில் கோபுரமா?"

"எங்க ஊருல அப்படித்தாங்க. மனசு ஜாஸ்தி."

"சிமெண்ட மட்டும் கம்மியா அள்றியே, அப்ப மனசு எங்க போச்சு?"

மலை மேஸ்திரி ராமசாமி கூடையில் அளந்துகொண்டிருந்தார். கோவிந்தன் பார்வை அங்கே போனது. "எங்க கூடைக்கு இன்னா கொறச்சல்?" என்று அவரும் இறங்கினார். சத்தம் ஏறியது. தளத்துக்கு ஒரு சட்டியும் ஏறவில்லை.

பொன்னி இடுப்பில் பிள்ளை, கையில் மூங்கில் குச்சியோடு வந்தாள். அடிக்கத்தான் என்று நினைத்து நான் கோவிந்தன் முதுகுக்குப் பின்னால் போனேன்.

"சாமை விக்கறப்ப படிய தலை தட்டித்தான அளக்கறோம்? அந்த நியாயம் என் வூட்டுக்கு இல்லியா?" என்றவள், என் பாண்டின் விளிம்பில் குச்சியை ஓட்டிக் கோபுரத்தைச் சரித்தாள்.

முதல் கலவையை வாசல் தரைக்குத் தள்ளினோம். கூடை ஓரம் போனது. ஒரே அளவுப் பாண்டுகளாகப் பொறுக்கினோம். சிமெண்டோ மணலோ ஜல்லியோ, தலை தட்டாமல் எதையும் கொட்டக் கூடாது. மாலை வரை பொன்னியே தட்டினாள். ஒருமுறை பழக்கதோஷத்தில் நான் மறுபடி கோபுரம் கட்ட, முட்டியில் விழுந்தது ஒன்று.

"இது பாண்டு இல்லம்மா, என் கை!"

"தப்பு பண்ணது அதுதான?"

தளத்தைத் தாங்கிய சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்கக் கொஞ்ச நாள் கழித்து எல்லோரும் மறுபடி மலை ஏறினோம். முட்டுகளை எடுத்து முடிக்கையில் மழை பிடித்துக்கொண்டது.

"எல்லாரும் உள்ள வந்து நில்லுங்க. ஒழுகினா நீங்களும் நனைங்க," என்றாள் பொன்னி.

அந்தச் சின்ன அறைக்குள் பன்னிரண்டு பேர், அண்ணாந்தபடி. மேலே மழை அடித்து நொறுக்கியது. ஒரு சொட்டு இல்லை. சடையன் பாயை விரித்தான். பொன்னி பிள்ளையைக் கிடத்தினாள். அது எங்கள் கால்களுக்கு நடுவில் கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது. எழுப்பக் கூடாதென்று கோவிந்தன் இருமலை அடக்கியதில் கண் கலங்கிவிட்டது. இருமலால்தான் என்று அவரே சொன்னார்.

கச்சிராயபாளையத்தில் இறங்கும்போது கோவிந்தன் கேட்டார்: "நாங்க இனிமே தலை தட்டித்தான் போடுவோம். ராமசாமியும் ஒத்துக்கினாரு. உங்க ஊருல?"

"தட்டிடுவோங்க."

தியாகதுருகத்திலும் நல்ல மழை. எங்கள் வீட்டுத் தளம் நானே போட்டது. கூடத்தில் என் மனைவி குண்டான் வைத்துச் சொட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மலையில வேல எப்படி?"

"ஒரு சொட்டு ஒழுகல."

குண்டானைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அந்த மேஸ்திரிய நம்ம வூட்டுக்கும் கூட்டினு வாயேன்," என்றாள்.