மஞ்சப்பைக்குள் இடது கை

அக்காவுக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு. போன வருஷம் மலைப்பாதை வளைவில் வண்டி சறுக்கி விழுந்ததில், வலது கையில் மூன்று விரல்கள் மடங்காமல் போய்விட்டன. கீபோர்டில் இரண்டு மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்த முடியவில்லை, வேலை தேங்கியது. அவளுக்கு வேலை அனுப்பும் சந்தவாசல் ஸ்டுடியோக்காரர் கெட்டவர் இல்லை. ஆனாலும், "தை முகூர்த்தம் வரிக்கும் பாக்கறேம்மா. அப்பறம் வேலூர்ல ஒருத்தர்கிட்ட குடுத்துட்றேன்" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! கம்ப்யூட்டர் படித்த தங்கை நான் குத்துக்கல்லாட்டம் வீட்டில் இருக்கும்போது வேலை வேலூருக்கா போகும்? ஒரு கை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். போனில் ஓர் ஆப் செய்தேன். வெட்டுவது, ஒட்டுவது, நிறம் மாற்றுவது, சத்தம் கூட்டுவது எல்லாம் போன் திரையில் பட்டன்களாக; அதைத் தொட்டால் கம்ப்யூட்டரில் வேலை நடக்கும். எந்தப் பட்டன் எங்கே வேண்டுமோ அங்கே வைத்துக்கொள்ளலாம். இடது கை மட்டும் போதும்.

கைக்கு வந்த பட்டனையெல்லாம் அதில் நிரப்பியிருந்தேன். அக்கா போனை ஒருமுறை பார்த்தாள்.

"இன்னாடி இது, முறத்துல சாமையக் கொட்டன மாதிரி? கெட்டிமேளம் கொட்டறப்ப நான் தாலியப் பாக்கறதா, உன் பட்டனத் தேடறதா?"

பதிலுக்கு நானும் கத்தினேன். மறுநாளே பாதிப் பட்டன்களைத் தூக்கிவிட்டு, மீதியைப் பெரிதாக்கினேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பது நல்லதாய்ப் போயிற்று. பழைய வீடியோக்களை வைத்து அவள் பழகினாள். அவள் திட்டத் திட்ட நான் மாற்றினேன்.

ஐப்பசி மழையில் ஒரு கல்யாண வேலை வந்தது. நான் கலசப்பாக்கம் போய்விட்டு வந்து பார்த்தால், கம்ப்யூட்டர் மேசை ஜன்னலோரம் கிடக்கிறது. மழை வந்துவிட்டால் எங்கள் வீட்டில் டவர் கிடைப்பது அந்த ஜன்னலில் மட்டும்தான். போனை மஞ்சப்பையில் போட்டுக் கம்பியில் தொங்கவிடுவோம். ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான். என் ஆப்போ நெட் இருந்தால்தான் திறக்கும். அக்கா நின்றபடி இடது கையைப் பைக்குள் விட்டு வேலை செய்துகொண்டிருந்தாள்.

"இன்னாக்கா பண்ற?"

"டவரு எங்க கீதோ அங்கதானடி போனு இருக்கணும்? போனு எங்க கீதோ அங்கதான என் கையும் போவணும்?"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவள் கண் முழுக்கக் கம்ப்யூட்டர் திரையில்தான் இருந்தது. பைக்குள் விரல் தானாகவே பட்டனைக் கண்டுபிடித்தது. அவ்வளவு பழகியவளை இப்படிக் கால் கடுக்க நிற்கவைக்கிறதே என்று என் ஆப்மேல் எனக்கே ஆத்திரம்.

நெட்டே வேண்டாம் என்று முடிவு செய்தேன். பழைய போன் ஒன்றைக் கேபிளில் கம்ப்யூட்டரோடு சேர்த்து, பட்டன் அமைப்பையெல்லாம் அந்தப் போனுக்குள்ளேயே வைத்தேன். சொன்னால் ஒரு வரி. செய்து முடிக்க மார்கழி ஆகிவிட்டது. நடுவில் எத்தனையோ முறை அது மக்கர் பண்ணியது. விட்டேனா!

தையின் முதல் முகூர்த்த வீடியோவை அக்கா நாற்காலியில் உட்கார்ந்து முடித்து அனுப்பினாள். ஸ்டுடியோக்காரர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஜோரா வந்துகீதும்மா. அடுத்த ரெண்டு கல்யாணமும் உனக்குத்தான். கை நல்லாயிட்ச்சா?"

"கை அப்டியேதாங்க கீது."

அக்கா போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடி பாத்துக்கினு நிக்கற? சத்தம் ஏத்தற பட்டன் இன்னும் சின்னதாவே கீது. பெருசாக்கு."